பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது, போர்டு போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

குற்றாலச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது 2019 கடைசியில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். போன வாரம் ராத்திரி முழுக்க இடியும் மழையும், கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஷட்டவுன் செய்த நிலையில்தான் இருந்தது, சுவரில் சுவிட்ச் மட்டும் ஆனில் இருந்தது. மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் ஒரு விநாடி சுற்றுகிறது, நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது. கையை எடுத்தாலும் இதே கதைதான், ப்ளக்கைப் பிடுங்கினால்தான் ஓய்கிறது. மானிட்டரில் ஒன்றும் வருவதில்லை.

பக்கத்து ஊரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். அவர்களுடைய எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள், அங்கே ஃபேன் நிற்காமல் ஓடியது, ஆனாலும் டிஸ்ப்ளே வரவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் ஒயரை நேரே போர்டில் செருகியும் பார்த்தார்கள், வரவில்லை. பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் போர்டு மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள், ரேமைத் துடைத்தார்கள். கடைசியில் "மதர்போர்டு அவுட், இந்த மாடல் போர்டு இப்போது புதிதாகக் கிடைக்காது, ப்ராசஸர், ரேம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன், கார்டைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், டேலி டேட்டா முழுக்க இதில்தான். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். போர்டு போய்விட்டது என்பது உண்மையாக இருக்குமா, அல்லது வேறு ஏதாவது பார்க்கலாமா?

முத்துநகர்

சகோதரி, முதலில் டேட்டாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு வேறு லேப்டாப்பில் செருகினால் எல்லாம் வந்துவிடும். அதை முடித்துவிட்டு நிதானமாக ரிப்பேரைப் பார்க்கலாம்.

கரிசல் கணினி

இடி மழைக்குப் பிறகு என்றால் போர்டுதான். எத்தனை பார்த்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் போர்டு மட்டும் தேடிப் பாருங்கள், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

வைகைக்கரை

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை பென்சில் ரப்பரால் தேய்த்து, வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். எனக்குப் பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகியிருக்கிறது.

பழைய சால்டர்

போர்டு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள் அம்மா. ப்ராசஸர் என்ன மாடல்? இன்டெல் ஐ5 என்று மட்டும் சொல்லாமல், எண்ணையும் அதற்குப் பின்னால் ஏதாவது எழுத்து இருந்தால் அதையும் முழுதாகச் சொல்லுங்கள். பில்லில் இருக்கும்.

குற்றாலச்சாரல்

பில்லைத் தேடி எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. ஐ5-9400எஃப், எச்310 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு, 480 ஜிபி எஸ்.எஸ்.டி. எஸ்.எம்.பி.எஸ். பற்றி பில்லில் தனியாக இல்லை, "கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்." என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள்.

வைகைக்கரை அண்ணா, ரேம் இரண்டையும் ரப்பரால் தேய்த்து, ஒன்று ஒன்றாக, ஸ்லாட் மாற்றி எல்லா விதமாகவும் மாட்டிப் பார்த்தாயிற்று. அதே சுற்றுதல் நிற்றல்தான்.

பழைய சால்டர்

நான் சந்தேகப்பட்டது இதைத்தான். இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்று வந்தால் அந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. போர்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. ஓட்டைகள் இருக்கும், ஆனால் அவை ப்ராசஸரில் இருக்கும் கிராபிக்ஸுக்கான வாசல்கள், உள்ளே கிராபிக்ஸ் இல்லாதபோது அந்த வாசல் வழியாக ஒன்றும் வராது. கம்ப்யூட்டர் புத்தம் புதிதாக இருந்த நாளில் இதே சோதனையைச் செய்திருந்தாலும் மானிட்டர் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆக, கார்டைக் கழற்றிப் போர்டில் செருகிப் பார்த்து டிஸ்ப்ளே இல்லை என்று சொன்னது ஒரு சோதனையே இல்லை.

நீங்கள் எழுதியதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வீட்டில் ஃபேன் ஒரு விநாடியில் நிற்கிறது. கடையில், அவர்கள் எஸ்.எம்.பி.எஸ். மாட்டியபோது நிற்காமல் ஓடியது என்கிறீர்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் அவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அது இழுத்து அணைத்திருக்க வேண்டுமே? அங்கே மட்டும் ஏன் சாதுவாக ஓடியது? அந்த எஸ்.எம்.பி.எஸ். இருக்கும்போது கார்டும் மாட்டியிருந்ததா, மானிட்டர் ஒயர் கார்டில் இருந்ததா என்று ஞாபகம் இருக்கிறதா?

குற்றாலச்சாரல்

கூடப் போனது தம்பிதான், அவனிடம் கேட்டேன். முதலில் கார்டைக் கழற்றிவிட்டார்களாம், அதற்குப் பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினார்களாம். கார்டைத் திரும்ப மாட்டவே இல்லையாம்.

பழைய சால்டர்

அப்படியானால் உங்கள் போர்டு இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஆள். எதையும் வாங்க வேண்டாம்.

கரிசல் கணினி

அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். போயிருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாதே? சுற்றி நிற்கிறது என்றால் பவர் வருகிறது என்றுதானே அர்த்தம். பேப்பர் க்ளிப் வைத்துப் பாருங்கள் அக்கா. 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் க்ளிப்பால் இணைத்து ப்ளக்கைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் ஓடினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது.

குற்றாலச்சாரல்

தம்பியை வைத்துச் செய்து பார்த்தோம். ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. அப்படியானால் போர்டுதானா? இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

பழைய சால்டர்

க்ளிப் சோதனையில் ஓடாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். கெட்டது என்று அடித்துச் சொல்லலாம். ஓடினால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஃபேன் இழுப்பது ஒன்றிரண்டு வாட்தான். 9400எஃப் 65 வாட் ப்ராசஸர், 1650 கார்டு 75 வாட் வரை இழுக்கும், இரண்டுமே 12 வோல்ட் லைனில்தான் தொங்குகின்றன. காலி மாட்டுவண்டி மேடேறுகிறது என்பதற்காக மூட்டை ஏற்றிய வண்டியும் ஏறும் என்று சொல்ல முடியுமா?

இன்றைய எஸ்.எம்.பி.எஸ். எப்படித் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய ஏ.டி. கேபினட்டில் முன்பக்க சுவிட்ச் நேராக 230 வோல்ட்டையே வெட்டும். இன்டெல் 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பட்டன் போர்டுக்குச் சேதி சொல்லும் பட்டன் மட்டும்தான். ப்ளக்கில் கரண்ட் இருக்கும் வரை ஊதா ஒயரில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும். பட்டனை அழுத்தியதும் போர்டு பச்சை ஒயரைப் பூஜ்யத்துக்கு இறக்கும், "எழுந்திரு" என்பது அதன் அர்த்தம். உடனே எஸ்.எம்.பி.எஸ். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட்டுகளை ஏற்றும். எல்லாம் சரியான அளவுக்கு வந்து நிலைத்ததும், அரை விநாடிக்குள், சாம்பல் நிற ஒயரில் 5 வோல்ட் போட்டு "நான் தயார்" என்று சொல்லும். அந்தச் சாம்பல் சேதி வரும்வரை போர்டு ப்ராசஸரை ஓட விடாது. வராவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடும், சில போர்டுகள் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். உங்கள் வீட்டில் நடப்பது அதுவாக இருக்கலாம்.

ஒரு மல்டிமீட்டர் கிடைக்குமா?

முத்துநகர்

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அவர்கள் கம்ப்யூட்டர் ஆஃபில்தானே இருந்தது, ஆஃபில் இருந்த பெட்டியை இடி எப்படித் தாக்கும்?

பழைய சால்டர்

மேலே சொன்னதுதான் காரணம் தம்பி. பட்டனில் ஆஃப் என்பது பொய் ஆஃப். சுவரில் சுவிட்ச் ஆனில் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் டி.சி.யில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும், லைனில் வரும் அடியெல்லாம் அதுவரை வரும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கத்துவதும் அதனால்தான், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த சார்ஜ் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும். யாரும் யூடியூப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே இறங்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முன்பக்க பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டாலும் இப்படி ஆன் ஆஃப் ஆகும். பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர் கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அப்படியும் நின்று நின்று ஓடினால் பட்டன் மேல் பழி இல்லை. அது 5 வோல்ட்டுக்கும் கீழேதான், ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் செய்யுங்கள்.

குற்றாலச்சாரல்

அக்கா, பட்டனைக் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தோம், மாற்றமே இல்லை.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மாமா மீட்டரோடு வந்தார். கனெக்டரைப் போர்டில் செருகியபடியே பின்பக்கமாக முனையை விட்டுப் பார்த்தார். எழுதி வைத்திருக்கிறேன். ஊதா 5.06. பச்சை முதலில் 4.9, பட்டனை அழுத்தியதும் கிட்டத்தட்ட பூஜ்யம். மஞ்சள் 10-க்குக் கொஞ்சம் மேலே போய் உடனே விழுந்துவிடுகிறது, 12-ஐத் தொடவே இல்லை. சாம்பல் எழவே இல்லை.

பழைய சால்டர்

மாமாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள், அழகாக அளந்திருக்கிறார்.

பச்சை பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்றால் போர்டு தன் முதல் வேலையைச் செய்துவிட்டது. மஞ்சளில் 12 வர வேண்டும், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4-இலிருந்து 12.6 வரை. அந்தப் பக்கமே போகவில்லை, சாம்பலும் எழவில்லை. சாதாரண மீட்டர் மெதுவாகத்தான் எண் காட்டும், ஒரு விநாடியில் ஏறி இறங்குவதை முழுதாகப் பிடிக்காது, ஆகவே 10 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பல் எழாதது மட்டும் உறுதியான சேதி.

கரிசல் கணினி

வாதத்துக்காகக் கேட்கிறேன். போர்டில் ப்ராசஸர் பக்கம் ஒரு மாஸ்ஃபெட் (ப்ராசஸருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் பாகம்) ஷார்ட் ஆகியிருந்தாலும் 12 வோல்ட் இப்படித்தான் அமுங்கும், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அந்தக் கணக்கில் குற்றவாளி போர்டுதானே?

பழைய சால்டர்

நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. ப்ளக்கைப் பிடுங்கி, பட்டனை அழுத்திப் பிடித்து மிச்ச சார்ஜை இறக்கிவிட்டு, ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். இப்போது ஒயர் பக்கம் வேண்டாம், போர்டு பக்கத்துப் பின்களில், மஞ்சள் வரும் பின்னுக்கும் கறுப்பு வரும் பின்னுக்கும் இடையில் மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். மாஸ்ஃபெட் ஷார்ட் என்றால் பூஜ்யத்தை ஒட்டி, ஒன்றிரண்டு ஓம்ஸ் காட்டி அங்கேயே நிற்கும், பஸ்ஸர் கத்தும். நல்ல போர்டில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும், கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால்.

குற்றாலச்சாரல்

பார்த்தாயிற்று. ஏறிக்கொண்டே போய் சில ஆயிரம் ஓம்ஸில் நிற்கிறது. பஸ்ஸர் கத்தவில்லை.

கரிசல் கணினி

சரி, என் கட்சி தோற்றது. எஸ்.எம்.பி.எஸ். யாரிடமாவது கடன் வாங்குங்கள் அக்கா.

பழைய சால்டர்

கடன் வாங்கியதை மாட்டும்போது கொஞ்சம் பொருள்களோடு தொடங்குங்கள். ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான். முன்பக்க யு.எஸ்.பி. ஒயர், எஸ்.எஸ்.டி. எல்லாம் அப்புறம். மானிட்டர் ஒயர் கார்டில். 24 பின்னோடு ப்ராசஸர் பக்கத்துச் சின்ன கனெக்டரையும் மறக்காமல் செருகுங்கள், அதை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. டிஸ்ப்ளே வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான் ஆள்.

போர்டில் செருகும் குட்டி ஸ்பீக்கர் கிடைத்தால் அதையும் மாட்டுங்கள். கொஞ்சம் காசுதான், ஆனால் இப்போதைய கேபினட்களோடு தருவதில்லை. பீப் எண்ணிக்கை பயாஸைப் பொறுத்து மாறும், நிறைய போர்டுகளில் நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் வந்தால் கிராபிக்ஸ் பக்கம் பார்க்கச் சொல்கிறது.

குற்றாலச்சாரல்

சித்தப்பா மகன் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினோம். டிஸ்ப்ளே வந்துவிட்டது!!! கம்பெனி லோகோ, அப்புறம் பயாஸ், ரேம் 8 ஜிபி காட்டுகிறது. இன்னொரு ரேமைச் சேர்த்தால் 16. அம்மா சாமிக்கு விளக்கே ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் எஸ்.எஸ்.டி.யை மாட்டியதும் புதுச் சிக்கல். விண்டோஸ் வராமல் நீலத் திரையில் பிட்லாக்கர் ரெகவரி கீ என்று 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தக் கீயும் வைத்ததே இல்லை. இது வைரஸா? யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

முத்துநகர்

ஐயோ, அப்படியானால் நான் முதலில் சொன்ன யு.எஸ்.பி. கேஸ் யோசனையும் நடந்திருக்காது. லேப்டாப்பில் செருகியிருந்தாலும் இதே கீயைத்தான் கேட்டிருக்கும்.

ஈரோட்டுக்காரி

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். பிட்லாக்கர் என்பது டிரைவைப் பூட்டும் விண்டோஸின் சொந்த வசதி. விண்டோஸ் 11-ஐ எப்போது போட்டீர்கள்? போன வருடமோ அதற்கு முன்னால் வருடமோ புதிதாகப் போட்டு, மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால், 24எச்2 பதிப்பிலிருந்து டிரைவைத் தானாகவே பூட்டிவிடுகிறது. பூட்டின் சாவி டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். இன்டெல் போர்டுகளில் அது பெரும்பாலும் தனி சிப்பாக இருக்காது, பயாஸில் பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் உண்டு.

கடையில் பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்போது பயாஸ் செட்டிங் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும், அந்தக் கால எச்310 போர்டுகளில் பி.டி.டி. தொழிற்சாலை நிலையில் ஆஃபாக இருப்பது சகஜம். சாவி வைத்த பெட்டி காணாமல் போனதும் விண்டோஸ் வாசலில் உங்களை நிறுத்தி ரெகவரி கீ கேட்கிறது.

முதல் வேலை, போனில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் உள்ளே போய் டிவைஸ் பகுதியில் பிட்லாக்கர் கீ இருக்கிறதா என்று பாருங்கள். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒரு எண் காட்டும், கணக்கில் இருக்கும் ஐடியோடு அதன் முதல் 8 எழுத்து பொருந்த வேண்டும். கிடைத்தால் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். கீ கையில் வந்த பிறகு பயாஸில் பி.டி.டி.யை ஆன் செய்யுங்கள், சி.எஸ்.எம். (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) ஆஃபில், செக்யூர் பூட் ஆனில் இருக்கட்டும், முன்பு எப்படி இருந்ததோ அப்படி. டி.பி.எம். க்ளியர், ரீசெட் என்று எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்

கணக்கில் போன் நம்பர் பழையது, அதைச் சரி செய்து உள்ளே போகவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கீ இருக்கிறது, ஐடியும் பொருந்துகிறது, நோட்டில் எழுதிக்கொண்டேன். போன வருடம் தம்பிதான் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டான், டிரைவ் பூட்டியிருப்பது அவனுக்கே தெரியாது.

பயாஸில் நீங்கள் சொன்ன மாதிரியே பி.டி.டி. ஆஃபில் இருந்தது. ஆன் செய்து சேவ் செய்தோம், கீ எதுவும் கேட்காமல் நேரே விண்டோஸ் வந்துவிட்டது அக்கா! டேலி திறக்கிறது, டேட்டா அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு சின்ன விஷயம், ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வருகிறது.

வைகைக்கரை

கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி கழற்றியதில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் இப்படித்தான் மிரட்டும். 2019 போர்டு என்றால் அந்த சிஆர்2032 பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள், மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

குற்றாலச்சாரல்

தேதிதான்! சரி செய்ததும் திறந்துவிட்டது. 3பி போட்டாயிற்று.

இப்போது புது எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும், சித்தப்பா மகன் தினமும் போன் செய்து எப்போது தருவாய் என்கிறான். எதைப் பார்த்து வாங்குவது? பழையதில் 450 வாட் என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது.

பழைய சால்டர்

பழையதின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், படித்துச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்

14 ஏ என்று இருக்கிறது.

பழைய சால்டர்

12 பெருக்கல் 14, 168 வாட். ப்ராசஸரும் கார்டும் தின்பது இந்த லைனில்தான், ஆகவே உங்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது 168 வாட், ஸ்டிக்கரில் 450 என்று எழுதியது கேபினட் விற்பதற்கு. ஸ்டிக்கரில் எழுதிய அளவையாவது முழுதாகத் தந்ததா என்பது வேறு விஷயம். இந்த எடையில் ஆறு வருடம் ஓடியதே பெரிது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து வலுவிழக்கும், ஒரு நாள் லைனில் வந்த அடி மிச்சத்தை முடித்திருக்கும். இடி மட்டும் காரணமா வயது மட்டும் காரணமா என்று கேட்டால், என் கணக்கில் இரண்டும்.

புதிதாக வாங்கும்போது 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள், தெரிந்த கம்பெனியின் 450 வாட் மாடல்களில் இருக்கும், உங்கள் பெட்டிக்கு அது தாராளம். 80 ப்ளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது சொல்வது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை, அதாவது 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதத் திறன். எத்தனை வருடம் உழைக்கும் என்று அது சொல்லாது. அதற்கு வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள், ஐந்து வருடம் தருகிறவன் ஓரளவு யோசித்துத்தான் தருவான்.

கரிசல் கணினி

எர்த்திங்கையும் பார்த்துவிடுங்கள் அக்கா. கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று லேசாக இழுக்குமா உங்கள் வீட்டில்?

குற்றாலச்சாரல்

ஆமாம் தம்பி, வெறுங்காலோடு தொட்டால் இழுக்கும். எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கரிசல் கணினி

அப்படியில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இல்லாவிட்டால் கேபினட் உடம்பில் லைன் வோல்ட்டேஜில் பாதி, அதாவது நூற்றுப் பத்து வோல்ட் பக்கம் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்று மட்டும் இழுக்கிறது. மாமாவையே மறுபடி கூப்பிட்டு அந்த சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள், ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 பக்கம் வர வேண்டும். வராவிட்டால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எர்த் குழியே காய்ந்து கிடக்கிறது.

முத்துநகர்

லைனில் வரும் அடியைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினால் போதாதா?

கரிசல் கணினி

அதற்குள் அடியைத் தாங்கிக்கொள்ளும் எம்.ஓ.வி. என்ற பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும், கடைசியில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலையும் பாதிதான். இடி இடித்தால் ப்ளக்கைப் பிடுங்குவதற்கு ஈடு கிடையாது. கூடவே லேன் ஒயரையும் பிடுங்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கேபிள்காரர் கம்பத்திலிருந்து செம்பு ஒயரில் நெட் இழுத்திருந்தால் இடி அந்த வழியாகவும் போர்டுக்குள் வரும், லேன் போர்ட் மட்டும் கருகிப் போன போர்டுகள் எங்கள் பக்கம் ஏராளம். ஃபைபர் என்றால் வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழையில் அந்த பயம் இல்லை, ரௌட்டரின் அடாப்டர் வழியாக வருவது தனி.

குற்றாலச்சாரல்

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 60-க்கு மேல் காட்டுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மாமா குழியைத் தோண்டிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். புது எஸ்.எம்.பி.எஸ். வந்துவிட்டது, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் இருக்கிறது, மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா மகனுக்கு அவனுடையதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

புதுப்பயல்

அண்ணன்மாரே, எனக்கும் இதே பிரச்சினை. ரைசன் 7600, டி.டி.ஆர்.5 ரேம், நேற்றுதான் ரேம் இன்னொரு ஜோடி வாங்கி நாலு ஸ்லாட்டிலும் மாட்டினேன். ஆன் ஆகிறது, ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டில் டிராம் என்ற இடத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றட்டுமா?

ஈரோட்டுக்காரி

இதே பிரச்சினை இல்லை தம்பி, உங்களுடையது ஃபேன் நிற்காமல் ஓடுகிறதே. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொடாதீர்கள். டி.டி.ஆர்.5-இல் புது ரேம் மாட்டியதும் முதல் தடவை போர்டு அதைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், நாலு ஸ்லாட் என்றால் பல நிமிடம் கூட ஆகும், அதுவரை கறுப்புத் திரையும் அந்த மஞ்சள் விளக்கும்தான். ஆன் செய்துவிட்டு பதினைந்து நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். வராவிட்டால் பழைய ஜோடியை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் என்றால் போர்டு மாடலையும் இரண்டு ஜோடி ரேமின் ஸ்டிக்கர் எண்களையும் எழுதி, தனி இழை ஒன்று தொடங்குங்கள்.